இராமநாதபுரம் கடற்கரையை ஃப்ளைட்கியரில் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், இராமேஸ்வரம் பக்கத்து மாணவர்களும் கணினி ஆர்வலர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாமே ஃப்ளைட்கியர் என்ற திறந்த மூல விமான சிமுலேட்டரில் புதிய வசதிகளைச் சேர்ப்பது பற்றியவை. உதாரணங்கள் எல்லாம் நம் கரையிலிருந்தே எடுத்தவை.

ஃப்ளைட்கியர் என்பது என்ன? காசு கட்ட வேண்டுமா?

வேண்டியதில்லை. 1996-ல் ஒரு முன்மொழிவாகத் தொடங்கி, 1997-ல் முதல் வெளியீடு கண்ட மென்பொருள் இது. உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள் எழுதி வருகிறார்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். உரிமம் ஜிபிஎல். மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கும்போது மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும். நிரல் இப்போது கிட்லாப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் இருக்கிறது.

எனக்கு சி++ நிரல் மொழி வராது. என்னால் ஏதாவது செய்ய முடியுமா?

தாராளமாக. இயந்திரத்தின் அடித்தளம்தான் சி++. அதற்கு மேல் இருப்பதில் பெரும்பகுதி எக்ஸ்எம்எல் என்ற உரைவடிவக் கோப்புகளும், நாசல் என்ற சிறிய ஸ்கிரிப்ட் மொழியில் எழுதியவையும்தான். ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் தெரிந்தவருக்கு நாசல் சீக்கிரம் பிடிபடும். இந்த இரண்டில் வேலை செய்ய மென்பொருளைக் கம்பைல் செய்யவே (மூல நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றவே) தேவையில்லை. கோப்பைத் திருத்தி, சிமுலேட்டரை மறுபடி திறந்தால் போதும்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது பண்பு மரம். விமானத்தின் உயரம், வேகம், ஃபிளாப் இறங்கியிருக்கும் அளவு, காற்றின் திசை, நேரம் என்று சிமுலேட்டருக்குள் இருக்கும் மதிப்புகள் எல்லாம் ஒரே மரத்தின் கிளைகளாக, ஆளுக்கொரு பெயருடன் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு கருவி அந்த மதிப்பைப் படிக்கும். ஒரு ஸ்கிரிப்ட் அதை மாற்றும். ஒரு 3டி மாடல் அதைப் பார்த்து அசையும். இவை ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டியதில்லை, மதிப்பின் பெயர் தெரிந்தால் போதும். டீபக் (Debug) என்ற மெனுவில் இந்த மரத்தைத் திறந்து பார்க்கும் சாளரம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களிடம், பறக்கும்போதே அதைத் திறந்து வைத்து எந்த மதிப்பு எப்போது மாறுகிறது என்று பார்க்கத்தான் முதலில் சொல்வேன். கையேட்டைப் படிப்பதைவிட அதில் அதிகம் புரியும்.

நம் கடற்கரை இப்போது அதில் எப்படித் தெரிகிறது?

சுமாராகத்தான் தெரிகிறது. அதற்குக் காரணங்கள் உண்டு.

ஃப்ளைட்கியரின் உலகம் அட்சரேகை, தீர்க்கரேகைப்படி ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி என்று கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நீங்கள் பறக்கப் பறக்க, டெர்ராசிங்க் என்ற அதன் பதிவிறக்க வசதி அந்தந்தக் கட்டத்தைக் கொண்டுவரும். இராமநாதபுரம் ஊர் கிழக்கு 78, வடக்கு 9 கட்டத்தில் இருக்கிறது. பாம்பன், மண்டபம், இராமேஸ்வரம், தனுஷ்கோடி எல்லாம் கிழக்கு 79, வடக்கு 9 கட்டத்தில். நம் கரை இரண்டாக வெட்டுப்படுவதால், ஏதாவது மாற்றம் செய்தால் இரண்டு கட்டத்தையும் பார்த்துவிடுங்கள். ஒன்றில் மட்டும் நிறத்தையோ மரத்தையோ மாற்றினால், உச்சிப்புளிப் பக்கம் பறக்கும்போது தரையில் நேர்கோடாக ஒரு வெட்டு தெரியும்.

தரையின் உயரத்துக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் கொண்டு எடுத்த எஸ்ஆர்டிஎம் அளவீடு. மலைநாட்டுக்கு அது அருமையான தரவு. நம் நிலம் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான் உயர்ந்திருக்கிறது. அந்த அளவீட்டின் பிழையே சில மீட்டர் வரும் என்பதால், தனுஷ்கோடி மணல்திட்டில் இல்லாத மேடுபள்ளங்கள் முளைக்கும்.

கரையோரக் கோடு இன்னும் சிக்கல். பழைய உலகக் காட்சித் தரவின் பெரும்பகுதி விமேப்0 என்ற வரைபடத்திலிருந்து வந்தது. அதன் அளவு பத்து லட்சத்துக்கு ஒன்று. வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். பல இடங்களில் ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லாத தனுஷ்கோடித் திட்டுக்கு அது எப்படிப் போதும்? மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் குருசடை, பூமரிச்சான், புள்ளிவாசல் போன்ற சிறியவை ஒன்று காணாமல் போகும், இல்லையென்றால் உருத் தெரியாமல் இருக்கும். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கரையைத் திருத்தமாக வரைந்து, காட்சித் தரவை உருவாக்கும் டெர்ராகியர் கருவிகளைக் கொண்டு அந்தக் கட்டத்தை மறுபடி உருவாக்குவதுதான் சரியான வழி. பொறுமை கேட்கும் வேலைதான். ஆனால் ஒருமுறை செய்துவிட்டால், பிறகு நீங்கள் வைக்கும் பாலமும் கலங்கரை விளக்கமும் கடலுக்குள் நிற்காமல் தரையில் நிற்கும்.

பாம்பன் பாலத்தைத் திறந்து மூடும்படி செய்ய முடியுமா?

முடியும். நம் கரைக்கென்று ஒரே ஒரு வசதியைத்தான் எழுதலாம் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

எந்தப் பாலம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் இரண்டு இறக்கைகள் இருபுறமும் மேல்நோக்கிச் சாய்ந்து திறந்தன. அதில் ரயில் ஓட்டம் 2022 டிசம்பரோடு நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுக்கண் அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே எழும்பும். பக்கத்தில் 1988-ல் திறந்த சாலைப் பாலம் அசையாதது. இன்றைய காட்சிக்கு உங்களுக்கு வேண்டியது புதிய பாலமும் சாலைப் பாலமும்.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மாடலைச் செய்து ஏசி3டி கோப்பு வடிவத்தில் ஏற்றுமதி செய்யுங்கள். நடுக்கண்ணுக்கு மட்டும் தனிப் பெயர் கொடுங்கள். இருபுறமும் உள்ள 18.3 மீட்டர் கண்கள் 99-ஐயும் தனித்தனிப் பொருளாக வைக்காதீர்கள். கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றையும் தனியாக வரைய வேண்டியிருக்கும். பழைய மடிக்கணினி திணறிவிடும். ஒரே உடலாக இணைத்துவிடுங்கள். தொலைவிலிருந்து பார்ப்பதற்கு விவரம் குறைந்த இன்னொரு பிரதியும் வையுங்கள்.

அசைவுக்கு எக்ஸ்எம்எல்லில் ‘டிரான்ஸ்லேட்’ வகை அனிமேஷன். எந்தப் பண்பைப் பார்த்து அசைய வேண்டும், எந்த அச்சில், எவ்வளவு என்று மூன்று தகவல்கள். பண்பு 0 என்றால் மூடியிருக்கிறது, 1 என்றால் முழுதும் மேலே, பெருக்கும் எண் 17. நாசலில் உள்ள ‘இன்டர்போலேட்’ கட்டளை அந்தப் பண்பை 0-விலிருந்து 1-க்குச் சில நிமிடங்களில் சீராக நகர்த்தும். உண்மையான பாலம் நிதானமாகத்தான் எழும்புகிறது. காத்திருக்கப் பொறுக்காமல் பத்து வினாடியில் தூக்கிவிடாதீர்கள்.

இனிதான் பலர் கோட்டைவிடும் இடம். காட்சி மாடலின் எக்ஸ்எம்எல்லில் நாசலுக்கு ‘லோட்’, ‘அன்லோட்’ என்று இரண்டு பகுதிகள் உண்டு. விமானம் நெருங்கும்போது முதலாவது ஓடும், விலகிப்போய்க் கட்டம் நினைவகத்திலிருந்து நீங்கும்போது இரண்டாவது ஓடும். பாலத்தை இயக்கும் டைமரை (குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும் கட்டளையை) லோடில் தொடங்கிவிட்டு அன்லோடில் நிறுத்தாமல் விட்டால், ஒவ்வொரு முறை பாம்பனைச் சுற்றி வரும்போதும் புதிதாக ஒரு டைமர் சேரும். ஒரு மணி நேரம் பறந்த பிறகு காட்சி ஏன் இழுத்து இழுத்து ஓடுகிறது என்று தேடினால், காரணம் இங்கேதான் இருக்கும்.

இன்னொன்று, பலர் சேர்ந்து பறக்கும்போது ஒருவர் திரையில் பாலம் திறந்தும் இன்னொருவர் திரையில் மூடியும் இருக்கக்கூடாது. ஆகவே தற்செயல் எண்ணைக் கொண்டு திறக்காமல், சிமுலேட்டரின் உலக நேரத்திலிருந்து கணக்கிட்டுத் திறங்கள். எல்லோருக்கும் ஒரே கடிகாரம் என்பதால் எல்லோருக்கும் ஒரே நிலை தெரியும்.

இராமேஸ்வரம் டிவி கோபுரம்?

கட்டாயம் வேண்டும். 323 மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,060 அடி. கரையோரமாக ஆயிரம் அடிக்குக் கீழே பறப்பவர் முதலில் தேட வேண்டிய தடையே அதுதான். மாடல் எளிமையாக இருந்தாலும் பரவாயில்லை. இடமும் உயரமும் பிசகக்கூடாது, இரவில் சிவப்பு விளக்குகள் எரிய வேண்டும்.

காற்று நம்ம ஊர்க் காற்று மாதிரியே இல்லையே, ஏன்?

நல்ல கேள்வி. பாம்பனில் காற்று எப்படி அடிக்கும் என்று நமக்குத் தெரியும். வேகம் எல்லை மீறினால் ரயிலையே நிறுத்தி வைப்பார்கள். சிமுலேட்டரிலோ பல நாள் சாந்தமாக இருக்கும்.

நேரடி வானிலையைத் தேர்ந்தெடுத்தால், ஃப்ளைட்கியர் பக்கத்து விமான நிலையத்தின் மெட்டார் என்ற வானிலை அறிக்கையை எடுத்துக்கொள்கிறது. நமக்கு அக்கம்பக்கம் என்றால் மதுரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம். மதுரை விமான நிலையம் பாம்பனிலிருந்து நேர்கோட்டில் 130 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில், உள்நாட்டில் இருக்கிறது. அங்கே மரமும் வீடும் தடுத்து மெலிந்த காற்றைக் கொண்டுவந்து கடல் நடுவே வைத்தால் எப்படிப் பொருந்தும்?

செய்ய வேண்டிய வசதி இதுதான்: விமானம் இருக்கும் இடம் நிலமா நீரா, உள்ளூர் நேரம் என்ன, எந்த மாதம் என்று பார்த்து மெட்டார் காற்றைத் திருத்தும் ஒரு நாசல் தொகுதி. நீர்ப்பரப்பில் உராய்வு குறைவு, அதனால் தரையோடு ஒட்டிய அடுக்கிலும் காற்று வேகமாக இருக்கும். வெயில் ஏறி நிலம் சூடானபின் கடலிலிருந்து கரைக்குக் காற்று திரும்பும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடை; தென்மேற்குப் பருவத்தில் கச்சான். எந்த மாதத்தில் எது எந்நேரம் வலுக்கும் என்பதைக் கடலுக்குப் போகிறவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். கச்சான் காற்றில் எந்தக் கரையில் படகைக் கட்டுவது என்று பார்த்துப் பார்த்துப் பழகியவர் சொல்லும் தகவல், எந்த வானிலைத் தரவிறக்கத்திலும் கிடைக்காது. பாம்பன் காற்றைப் பற்றி பெர்லினில் இருக்கும் ஒரு நிரலாளர் எழுத முடியாது. நம்மால் முடியும், நாம்தான் எழுத வேண்டும்.

ஒரு நிபந்தனை: இந்தத் திருத்தத்தை ஒரு பண்பு மூலம் அணைக்க முடிய வேண்டும். மெட்டாரில் உள்ளபடியே பறந்து பயிற்சி எடுக்க விரும்புகிறவருக்கு நம் திருத்தம் குறுக்கே நிற்கக்கூடாது.

கடலின் நிறத்தை மாற்றலாமா?

மாற்றலாம், மாற்றவும் வேண்டும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் ஆழமற்ற பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடாவின் ஆண் கடல். அரிச்சல்முனையில் நின்றாலே இரண்டும் வெவ்வேறு என்று கண்ணுக்குத் தெரியும். ஃப்ளைட்கியரில் அலையின் உயரம் காற்றைப் பொறுத்தது. நீரின் நிறத்தை வட்டார வாரியாக, நிலவகைகளின் தோற்றத்தை விவரிக்கும் மெட்டீரியல் கோப்பில் குறிக்க முடியும். தெற்கில் அலை உயர, வடக்கில் நீர் கலங்கி வெளிறித் தெரிய, இரண்டு வட்டாரமாகப் பிரியுங்கள். ஆதம் பாலத்து மணல்திட்டுகளைச் சுற்றி நிறம் படிப்படியாக மாற வேண்டும்.

மீன்பிடிப் படகுகளை ஓடவிடலாமா?

சிமுலேட்டர் தானே ஓட்டும் வாகனங்களுக்கான ஏஐ காட்சிக் கோப்பு எழுதினால் கப்பலும் படகும் நகரும். நம் கரைக்கு ஒரு விதியைச் சேருங்கள்: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டியிருக்க வேண்டும், நாட்டுப்படகுகள் மட்டும் கடலில் தெரியலாம். தேதியைப் பார்த்து மாறும் இப்படி ஒரு காட்சியை நம் ஊர்க்காரர் யார் பார்த்தாலும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

பனையும் உடைமரமும் எங்கே? கண்மாய் ஏன் எப்போதும் நிரம்பியிருக்கிறது?

ஒவ்வொரு நிலவகைக்கும் மரத்தின் படம், உயரம், அகலம், எத்தனை சதுர மீட்டருக்கு ஒரு மரம் என்ற விவரம் மெட்டீரியல் கோப்பில் இருக்கும். பொதுவான புதர்க்காட்டுக்கு வைத்த மரம்தான் நம் பக்கமும் முளைக்கிறது. பனை, குடை விரித்தாற்போன்ற உடை, சீமைக்கருவேலம், சவுக்கு என்று நான்கு படங்களை நீங்களே எடுத்து, பின்னணியை நீக்கிக் கொடுத்தால் போதும். கரையின் முகமே மாறிவிடும். படம் எடுக்கும்போது வெயில் பக்கவாட்டில் விழாத நேரமாகப் பாருங்கள். நிழலை சிமுலேட்டர் தானே போட்டுக்கொள்ளும்.

கண்மாய் விஷயம் வேறு. தரவில் அது நிரந்தர ஏரி என்று குறிக்கப்பட்டிருந்தால் சித்திரை வெயிலிலும் நீர் தளும்பும். பருவகால நீர்நிலை என்று தனி நிலவகை இருக்கிறது, அதற்கு மாற்றுங்கள். உப்பளத்துக்கும் தனி வகை உண்டு.

விமானத்தின் பறக்கும் தன்மையை மாற்றும் வேலையில் இறங்கலாமா?

இறங்கலாம், ஆனால் இங்கே கண்ணால் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்ல முடியாது. எண் பேச வேண்டும். பறப்பைக் கணக்கிட யாசிம், ஜேஎஸ்பிசிம் என்று இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. யாசிம்முக்கு இறக்கையின் நீளம், அகலம், எடை, எஞ்சின் திறன் ஆகியவற்றைக் கொடுத்தால் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். ஜேஎஸ்பிசிம்முக்குக் காற்றியக்கக் குணகங்களை அட்டவணையாகத் தர வேண்டும். உழைப்பு அதிகம், துல்லியமும் அதிகம். எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) கான்பூரில் உரிமம் பெற்றுத் தயாரிக்கும் டோர்னியர் 228, நம் கடலோரக் கண்காணிப்பில் பழகிய விமானம். அதன் இறக்கை முனைக்கு முனை 16.97 மீட்டர், நீளம் 16.56 மீட்டர் என்பவை பொதுவெளியில் இருக்கும் எண்கள். யாசிம்மில் தொடங்க அப்படிப்பட்டவை போதும்.

நம் ஊருக்கு ஏற்ற ஒரு சோதனை சொல்கிறேன். சர்வதேச நியம வளிமண்டலத்தில் கடல் மட்டத்து வெப்பநிலை 15 டிகிரி. நம் கோடையில் 35 டிகிரி சாதாரணம். அந்த 20 டிகிரி வித்தியாசத்தால் காற்றின் அடர்த்தி சுமார் 6.5 சதவீதம் குறையும். கடல் மட்டத்தில் நின்றாலும் விமானம் சுமார் 2,300 அடி உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். செஸ்னா 172-ஐ அசையாக் காற்றில், ஒரே எடையில், முதலில் 15 டிகிரியிலும் பிறகு 35 டிகிரியிலும் கிளப்புங்கள். சக்கரம் தரையை விட்டெழும் தூரத்தை இரண்டு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். வெயிலில் தூரம் கூடவில்லை என்றால் உங்கள் மாடலில் எஞ்சினோ இறக்கையோ காற்றின் அடர்த்தியைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

கூகுள் எர்த்தைப் பார்த்து வரையலாமா?

கூடாது. அந்தப் படங்களின் உரிமை வேறு. அதிலிருந்து நகலெடுத்த கோடு ஒன்றுகூட ஜிபிஎல் தரவுக்குள் போக முடியாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு, நீங்கள் நேரில் அளந்தது, நீங்கள் எடுத்த படம் இவை போதும். சுவருக்கும் ஓட்டுக்கும் வேண்டிய டெக்ஸ்சர்களையும் (மேற்பரப்புப் படங்களையும்) இணையத்தில் தேடி எடுக்காதீர்கள், செல்போனிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

உச்சிப்புளி கடற்படை விமானதளத்தைத் துல்லியமாகச் செய்யலாமா?

2009 முதல் அந்தத் தளத்தின் பெயர் ஐஎன்எஸ் பருந்து. ஃப்ளைட்கியரின் ஓடுதளத் தரவு, எக்ஸ்-பிளேன் பயனர்கள் பராமரிக்கும் பொதுத் தொகுப்பிலிருந்து வருகிறது. அதில் இருப்பது போதும். ஹாங்கர் எங்கே, எந்த வாகனம் எங்கே நிற்கிறது என்று தேடிப்போகாதீர்கள். வேலியருகே நின்று படம் எடுப்பது, ட்ரோன் பறக்கவிடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, அந்தத் தளத்தின் பாதுகாப்பு நம் கரையின் பாதுகாப்பு. தீவுகளுக்கும் அனுமதியின்றிப் போகாதீர்கள். அவை பாதுகாக்கப்பட்ட பகுதி.

1964-க்கு முந்தைய தனுஷ்கோடியை உருவாக்க ஆசை. முடியுமா?

செய்யுங்கள். ஆனால் இன்றைய உலகத் தரவோடு கலக்காதீர்கள். ஃப்ளைட்கியரில் காட்சிக் கோப்புறைகளை வரிசைப்படுத்தி வைக்கலாம். மேலே இருப்பதற்கு முன்னுரிமை. பழைய தனுஷ்கோடியைத் தனிக் கோப்புறையாக வைத்தால், விரும்புகிறவர் அதைச் சேர்த்துப் பறப்பார்.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஊரையும் பாம்பனிலிருந்து போன ரயிலையும் கொண்டுபோனது. இன்று மிஞ்சி நிற்கும் தேவாலயச் சுவர், ரயில் நிலையச் சுவர் இவற்றின் இடங்களை முதலில் ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். அவைதான் பழைய படங்களைப் பொருத்த உதவும் புள்ளிகள். தலைமன்னாருக்குக் கப்பல் புறப்பட்ட துறை, தண்டவாளம், கடைத்தெரு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படமோ வரைபடமோ நேரில் வாழ்ந்தவர் சொன்னதோ ஆதாரமாக இருக்கட்டும். அந்த ஆதாரத்தை மாடலோடு இருக்கும் குறிப்புக் கோப்பில் எழுதுங்கள். ஆதாரம் கிடைக்காத இடத்தில் வீடு கட்டாதீர்கள், மணலாகவே விடுங்கள். அந்த ஊரில் உறவுகளை இழந்த குடும்பங்கள் இன்னும் நம் நடுவே இருக்கின்றன. அவர்கள் பார்க்கும்போது, தெரு இருந்த இடத்தில் தெரு இருக்க வேண்டும்.

பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பினேன், பதிலே இல்லை. என்ன செய்வது?

சேர்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர்களும் வேலை முடிந்து வந்து, தூங்கப்போகும் முன் இதைப் பார்ப்பவர்கள்தான். அவர்கள் வேலையை எளிதாக்குங்கள். ஒரு மெர்ஜ் ரிக்வெஸ்ட்டில் (திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்தில்) ஒரே ஒரு மாற்றம். பாலமும் மரமும் கடல் நிறமும் ஒன்றாக வந்தால் எதையும் சோதிக்க முடியாமல் மூன்றும் கிடப்பில் போகும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே வானிலையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்களை இணையுங்கள். பாம்பனைப் பார்த்தே இராதவர் அதைச் சோதிக்கப் போகிறார். எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் விமானத்தை வைக்க வேண்டும், எந்த மதிப்பை மாற்றினால் என்ன நடக்க வேண்டும் என்று எழுதுங்கள். நொடிக்கு எத்தனை ஃப்ரேம் குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சில வாரங்கள் கழித்தும் பதில் இல்லையென்றால், நிரலைப் புதிய பதிப்போடு மறுபடி பொருத்தி, அது இன்னும் ஓடுகிறது என்று ஒரு வரி எழுதி நினைவூட்டுங்கள். திருத்தம் கேட்டால் அதே நிரல் கிளையில் (branch) திருத்தி அனுப்புங்கள். புதிதாக இன்னொன்று திறந்தால் முன்பு பேசியதெல்லாம் அறுந்துபோகும்.